மாப்பிள்ளையைத் தொலைத்த மீட்புச் சங்கம்

மலையடிவாரத்தில் முள்ளிக்கரடு என்று ஓர் ஊர் இருக்கிறது. கடவுள் அந்த ஊருக்கு நல்ல தண்ணீர் கொடுத்தார், நல்ல காற்று கொடுத்தார். மூளையைக் கொடுக்க அவர் வந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

கூட்டம் போடுவதென்றால் முள்ளிக்கரட்டுக்காரர்களுக்கு உயிர். அங்கே ஒருவரை நாய் கடித்தால்கூட, ஊசி போடப் போகலாம் என்று ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அதற்குள் நாய் திரும்பி வந்து வழிமொழிந்தவரையும் கடித்துவிட்டுப் போயிருக்கும். அந்த ஊரில் பிறந்தும் எனக்கு ஓரளவு புத்தி இருப்பதற்குக் காரணம், நான் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை என்பதுதான்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் வனத்துறையிலிருந்து ஜெயக்கொடி என்ற பெண் வனவர் ஊருக்கு வந்தார். காட்டில் மாட்டிக்கொண்டால் எப்படி உயிர் பிழைப்பது என்று பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துப் பாடம் எடுத்தார். வழி தவறினால் அலையாமல் இருந்த இடத்திலேயே இருங்கள் என்றார். போகிற வழியில் மரங்களில் அடையாளம் வையுங்கள், தெரியாத எதையும் சோதிக்காமல் வாயில் போடாதீர்கள், காட்டை விட்டுக் கிளம்பும்போது நீங்கள் வந்துபோன தடமே தெரியக் கூடாது என்றார். சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. கேட்டவர்களிடம்தான் கோளாறு.

அவருடைய ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் ஊரில் வன ஆபத்து மீட்புச் சங்கம் பிறந்துவிட்டது. நாச்சிமுத்து தலைவர். மாசிலாமணி துணைத் தலைவர். ஏகாம்பரம் செயலாளர். அதோடு பதவிகள் தீர்ந்துபோனதால் குழந்தைசாமி உறுப்பினர். சங்கத்துக்கு உறுப்பினர் அவர் ஒருவர்தான் என்பதால் எந்தச் சாமானையும் அவர்தான் தூக்க வேண்டும்.

விசில் வாங்கினார்கள், தீப்பெட்டி வாங்கினார்கள், டார்ச் வாங்கினார்கள். எல்லாம் இருந்தது, தொலைந்து போக ஆள்தான் கிடைக்கவில்லை. புரட்டாசி முழுவதும் காத்திருந்தும் ஊரில் ஒருவர்கூடத் தொலையவில்லை. சங்கத்தின் மேல் இருக்கிற பொறாமையால் வேண்டுமென்றே தொலையாமல் இருக்கிறார்கள் என்று ஏகாம்பரம் சந்தேகப்பட்டார். கடைசியில், நாமே ஒருவரைத் தொலைத்து நாமே மீட்டு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள்.

"நான் வேணும்னா தொலைஞ்சு போறேனுங்க," என்றார் குழந்தைசாமி. அவர் வீட்டில் அப்போது தீபாவளிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மொத மொதல்ல தொலைக்கறோம். போயும் போயும் ஒரு உறுப்பினரையா தொலைக்கறது? பெரிய ஆளாத் தொலையோணும்," என்றார் ஏகாம்பரம்.

"அப்பத் தலைவரு."

"தலைவரே தொலைஞ்சுட்டா, தேடச் சொல்லி யாரு உத்தரவு போடறது?"

எல்லோரும் கவலையோடு தரையைப் பார்த்தார்கள். மாசிலாமணிதான் முதலில் தலையைத் தூக்கினார். "தலைவரு மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வந்திருக்கறாரல்லோ?"

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல நேரத்துல ஞாபகப்படுத்துனீங்க. எந்தக் காரியமானாலும் மொத மரியாதை மாப்பிள்ளைக்குத்தானே? இதை மட்டும் வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டா, நாளைக்குச் சம்பந்தி வீட்டுல ஒரு பேச்சு வந்துருமில்ல?"

மாப்பிள்ளையின் பெயர் சிற்றரசு. கரூரில் ஒரு கொசுவலைக் கம்பெனியில் வேலை. சாதுவான மனிதர். நாச்சிமுத்துவின் ஒரே மகள் கோகிலவாணியைக் கட்டி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாமனார் வீட்டில் எதற்கும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. தட்டில் விழுகிற தோசைக்கே வேண்டாம் சொல்ல முடியாதவர், காட்டைச் சுற்றிப் பார்க்கலாம் வாங்க என்று மாமனார் கூப்பிட்டபோது என்ன சொல்வார்? பண்டிகைக்கு முந்தின நாள் காலையில், கோகிலவாணி கட்டிக் கொடுத்த புளியோதரையோடு ஐந்து பேரும் கிளம்பினார்கள். உதித்து வந்த சூரியன் முதுகில் சுட, காட்டுக்குள் நடந்தார்கள். குழந்தைசாமி வெற்றிலைச் சுண்ணாம்பால் மரத்துக்கு மரம் அடையாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

நடுக்காட்டில் ஒரு பாறை வந்தது. அதன்மேல் சிற்றரசுவை உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, அவரைச் சங்கத்தின் கௌரவ உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் கூச்சத்தோடு கும்பிட்டார்.

"மாப்பிள்ளை, இந்த நிமிஷத்துல இருந்து நீங்க தொலைஞ்சுட்டீங்க," என்றார் நாச்சிமுத்து.

"என்னங்க மாமா?"

"பயப்படாதீங்க. இருந்த இடத்தை விட்டு அசையப்படாது, அது ஒண்ணுதான். நாங்க ஊருக்குப் போயி, நீங்க தொலைஞ்ச சேதியக் கேள்விப்பட்டு, பதறியடிச்சு ஓடியாந்து உங்களைக் காப்பாத்துவோம்."

சிற்றரசு மரியாதை தெரிந்தவர், திட்டவில்லை. "அதுவரைக்கும் அந்தத் தண்ணி பாட்டிலும் விசிலும் என்கிட்ட இருக்கட்டுங்களே, மாமா," என்றார்.

ஏகாம்பரம் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "மாப்பிள்ளை கோவிச்சுக்கப்படாது. தொலையப் போறவரு நீங்க. உங்ககிட்டக் கொடுத்தா உங்களோட சேர்ந்து அதும் தொலைஞ்சு போயிருமுங்க. சங்கத்துச் சாமான் பாருங்க."

அந்த நியாயத்தின்படி விசிலும் தண்ணீரும் டார்ச்சும் புளியோதரைப் பொட்டலமும் மீட்புக் குழுவிடமே பத்திரமாக இருந்தன. மாப்பிள்ளையின் செல்போனையும் கையோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தக் காட்டில் சிக்னல் கிடையாது என்பது வேறு விஷயம்.

திரும்பும் வழியில் மாசிலாமணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏனுங்க, மரத்துல எல்லாம் அடையாளம் இருக்குது. மாப்பிள்ளை இருக்கற இடம் நமக்குத் தெரியும். தெரிஞ்ச இடத்துல இருக்கறவரு எப்படிங்க தொலைஞ்சவராவாரு?"

இந்தக் கேள்வியின் ஆழத்தில் எல்லோரும் கொஞ்ச நேரம் மூழ்கிக் கிடந்தார்கள். போதாதற்கு, வந்த தடம் தெரியக் கூடாது என்று வனவர் அம்மாள் சொல்லியிருந்ததும் ஞாபகம் வந்தது. குழந்தைசாமி துண்டை ஓடைத் தண்ணீரில் நனைத்து, போட்ட அடையாளம் ஒவ்வொன்றையும் துடைத்துக்கொண்டே வந்தார். பட்டை இடுக்கில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்தார். வாழ்க்கையில் அந்த மனிதர் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

ஊருக்கு வந்து டீ குடித்துவிட்டு நாலு பேரும் நாச்சிமுத்து வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள்.

"அம்மிணி, ஒரு புகார் கொடுத்துரு கண்ணு," என்றார் நாச்சிமுத்து.

முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த கோகிலவாணி கரண்டியோடு வெளியே வந்தாள். "என்ன புகாருங்ப்பா?"

"உன்ற வீட்டுக்காரரு காட்டுல தொலைஞ்சு போயிட்டாருன்னு. நீ சொன்னாத்தான் நாங்க பதற முடியும்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. ஏகாம்பரம் முழு விவரத்தையும் பெருமையாக எடுத்துச் சொன்னார். பாறையில் பொன்னாடை போர்த்திய இடம் வந்தபோது அவள் கரண்டியைக் கீழே போட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாயங்காலமானா ஆனை இறங்கற காடுங்ப்பா அது. தண்ணிகூடக் கொடுக்காம உக்கார வெச்சுட்டு வந்திருக்கறீங்க. விடிஞ்சா அவருக்கு எண்ணெய் வெச்சுக் குளிக்க வெக்கோணும். இருட்டறதுக்குள்ள அவரைக் காப்பாத்திக் கூட்டிட்டு வாங்க. முடியாதுன்னா நீங்களும் அங்கயே இருந்துக்குங்க."

நாச்சிமுத்துவுக்கு யானையிடம் பயமில்லை. மகளிடம் பயம். பொய் சொல்லக் கூடாது, அந்த மனிதருக்கு மகள் மேல் உண்மையான பாசம் உண்டு. தலைக்குள் காலியாகக் கிடந்த இடத்தையெல்லாம் பாசத்தை வைத்துத்தான் நிரப்பியிருந்தார்.

"பதறலாமா?" என்று மெதுவாகக் கேட்டார் மாசிலாமணி.

"பதறுங்க," என்றார் தலைவர். நாலு பேரும் காட்டைப் பார்த்து ஓடினார்கள்.

காட்டு ஓரத்தில் முதல் மரத்திலேயே நின்றார்கள். அடையாளம் இல்லை. இரண்டாவது மரத்திலும் இல்லை.

"ஒரு மரம் விடலீங்க," என்றார் குழந்தைசாமி, பாராட்டை எதிர்பார்த்து.

நல்லவேளையாக ஏகாம்பரத்துக்கு, காலையில் போனபோது முதுகில் வெயில் சுட்டது ஞாபகம் வந்தது. அப்படியென்றால் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டே நடந்தால் அந்தப் பாறைக்குத்தானே போக வேண்டும்? இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால் அவர்கள் வேறு ஊர்க்காரர்கள். ஒரு துண்டு மேகம் சூரியனை மறைத்தால் நாலு பேரும் அப்படியே நிற்பார்கள், வெயில் வந்ததும் முதுகைத் திருப்பிச் சரிபார்த்துவிட்டு நடப்பார்கள்.

நடந்துகொண்டே மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். ஆனால் மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? குரலை உயர்த்தத்தான் முடியுமா? சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி பணிவாக, மெதுவாக, "மாப்பிள்ளைங்க, மாப்பிள்ளைங்க" என்று கூப்பிட்டார்கள். பக்கத்துப் புதரில் இருந்த காடைக்குக்கூட அது கேட்டிருக்காது. விசிலை ஊதலாமே என்று குழந்தைசாமி கேட்டதற்கு, ஆபத்தில் இருப்பவர்தான் விசில் ஊத வேண்டும், ஆபத்து இல்லாத நாம் ஊதினால் அது பொய் என்று ஏகாம்பரம் கண்டித்தார்.

உச்சி வெயில் வந்தது. சூரியன் முதுகிலிருந்து நகர்ந்து மண்டைக்கு மேல் நின்றது. இப்போது எப்படி நடப்பது?

"நின்னாத்தான் சூரியன் தலைக்கு மேல இருக்குது," என்றார் மாசிலாமணி, நீண்ட யோசனைக்குப் பிறகு. "குப்புறப் படுத்துட்டா முதுகுக்கு மேல வந்துருமில்ல?"

படுத்துப் பார்த்தார்கள். வந்துவிட்டது. ஊரில் மதிப்பும் மரியாதையும் உள்ள நாலு பெரிய மனிதர்கள் வெள்ளை வேட்டியோடு, சரளைக் கல்லிலும் முள்ளிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு, தலைவர் முன்னாலும் உறுப்பினர் பின்னாலுமாக ஊர்ந்துகொண்டு போனார்கள். அவர்களைப் பார்த்த ஓர் உடும்பு வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டது.

நாலு பேருடைய சட்டைப் பொத்தானும் தேய்ந்து விழுந்த பிறகு பசி எடுத்தது. மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த புளியோதரையைப் பிரித்தார்கள். குழந்தைசாமி ஒரு கவளத்தை எடுத்தார். ஏகாம்பரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சோதிக்காம வாயில வெக்கலாமா? வனவரம்மா என்ன சொன்னாங்க? மொதல்ல முழங்கையில தேய்ச்சுப் பார்க்கோணும், அப்பறம் உதட்டுல. எரிஞ்சா அது வெசம்."

"கோகிலாப் புள்ள கட்டிக் கொடுத்ததுங்களே."

"வீட்டுல கட்டறப்ப நல்லாத்தான் இருந்துது. இப்பக் காட்டுல இல்ல இருக்குது?"

சரளையில் ஊர்ந்து தோல் உரிந்துபோன முழங்கையில் மிளகாய் வறுத்துப் போட்ட புளியோதரையைத் தேய்த்தால் என்ன ஆகும்? குழந்தைசாமி எகிறிக் குதித்தார். உதட்டில் தேய்த்தபோது உதடும் எரிந்தது. விஷம் என்று முடிவாகிப் பொட்டலத்தைத் தூரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டார்கள். உடனே நாலு குரங்குகள் வந்து உட்கார்ந்து, கடலைப்பருப்பைக்கூட விடாமல் தின்றன. இவர்கள் குரங்குகளுக்காக வருத்தப்பட்டார்கள். குரங்குகள் இலையை நக்கிவிட்டு இவர்களைத் திரும்பிப் பார்த்தன. இரண்டு கூட்டத்தில் எது புத்திசாலி என்று கேட்டால் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

சூரியன் மேற்கே சாய்ந்ததும் எல்லோரும் எழுந்து, வேட்டியைத் தட்டி, முதுகை மறுபடி சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். காலையில் மேற்கே போனவர்கள் இப்போது கிழக்கே, வந்த வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாறைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டதாக ஏகாம்பரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆனால் பாறை வரவில்லை. மேகம்தான் வந்தது. மலை உச்சியில் இடி உருண்டது. நாச்சிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. மழையில், பசியோடு, ஒரு பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையை நினைத்தார். மகள் நின்ற கோலத்தை நினைத்தார். "என்ற புள்ள பொழப்பு போச்சே," என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அழாதீங்க தலைவரே. புகை போடுவோம். புகையைப் பார்த்தா மாப்பிள்ளைக்கு நாம இருக்கற பக்கம் தெரியும்," என்றார் மாசிலாமணி.

"அவசரம்னாத்தான் காட்டுல நெருப்பு வெக்கோணும்," என்றார் ஏகாம்பரம். "இது அவசரமா, ஒத்திகையா?"

"காலையில ஒத்திகைங்க. இப்ப அவசரம்."

"எப்ப மாறுச்சு? யாரு மாத்துனது? தீர்மானம் போடாம எப்படிங்க மாறும்?"

நியாயம்தான். குழந்தைசாமி முன்மொழிந்தார், மாசிலாமணி வழிமொழிந்தார். நாச்சிமுத்து கையைத் தூக்கப் போனபோது ஏகாம்பரம் மறுபடி தடுத்தார். "அத்தனை உறுப்பினரும் இருந்தாத்தான் அவசரத் தீர்மானம் செல்லும். மாப்பிள்ளையை கௌரவ உறுப்பினராச் சேர்த்திருக்கறோம். அவரு வரலை."

"அப்ப அவரு வந்தப்பறம்தான் அவசரம்னு தீர்மானம் போட முடியுங்களா?"

"ஆமாங்க."

"அவரே வந்துட்டா அப்பறம் என்னங்க அவசரம்?" என்று கேட்டார் குழந்தைசாமி.

மூன்று பதவிக்காரர்களும் அவரை முறைத்தார்கள். உறுப்பினரைப் பேச விட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஏகாம்பரம் முணுமுணுத்தார். தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு எல்லோரும் மேலே நடந்தார்கள்.

மழை தூற ஆரம்பித்தபோது மரங்கள் விலகி, அவர்கள் ஒரு தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ரோட்டோரத்தில் ஒரு பலகை நின்றது. அதில் அம்புக்குறி போட்டு முள்ளிக்கரடு என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மழைக்கு ஒதுங்க அந்தப் பலகையின் அடியில்தான் நின்றார்கள்.

"தலைவரே, ஒரு உண்மையை ஒத்துக்கோணும்," என்றார் மாசிலாமணி. "நாம கிளம்புன இடம் இது இல்லை. போக வேண்டிய பாறையும் இது இல்லை."

"அப்படின்னா?"

"நாமளும் தொலைஞ்சுட்டமுங்க."

தொலைந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாலு பேரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

மலை மேலே இருக்கும் கிராமத்துக்கும் முள்ளிக்கரட்டுக்கும் இடையே ஒரு பஸ் ஓடுகிறது. அது மேலிருந்து இறங்கி வந்து, இவர்களைப் பார்த்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"ஏறுங்க, மழை வலுக்குது."

"ஏறப்படாதுங்க. நாங்க தொலைஞ்சு போயிருக்கறோம்," என்றார் ஏகாம்பரம்.

கண்டக்டர் பலகையைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார். "எந்த இடத்துலீங்க தொலைஞ்சு போயிருக்கறீங்க?"

"அது தெரிஞ்சா நாங்க ஏனுங்க தொலையறோம்?"

கண்டக்டர் பல வருஷமாக அந்த வழியில் ஓடுகிறவர், ஊரைப் பற்றித் தெரியும். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் விசில் ஊதினார், பஸ் கிளம்பிப் போனது. "பாவம், அவரும் ஏதோ ஆபத்துல இருக்கறாரு போல," என்றார் மாசிலாமணி.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. தூரத்தில் எங்கோ யானை பிளிறுகிற சத்தம் கேட்டது. நாச்சிமுத்து எழுந்து காட்டுக்குள் ஓடப் பார்த்தார். தொலைந்தவர் நகரக் கூடாது என்று மற்றவர்கள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அந்த நேரத்தில், ஊருக்குப் போன பஸ் திரும்பி மலைக்கு ஏறி வந்தது. ஒருவர் இறங்கினார். கையில் குடை, தண்ணீர் பாட்டில். நெற்றியில் சந்தனம். தலைக்குக் குளித்துச் சலவை வேட்டி கட்டியிருந்தார்.

சிற்றரசு.

"மாமா, இங்கயா இருக்கறீங்க?" என்றார் அவர். "கண்டக்டர் சொன்னாருங்க. வாங்க போலாம், கோகிலா அழுதுட்டு உக்காந்திருக்கறா. அப்பாவை விட்டுட்டு நீங்க மட்டும் வந்து நின்னா என்ன அர்த்தம்னு என்னைத் துரத்திவிட்டுட்டா."

நாச்சிமுத்து ஓடிப்போய் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார். மற்ற மூவரும் எழுந்திருக்கவில்லை. ஏகாம்பரத்தின் முகம் இறுகிவிட்டது.

"நீங்க எப்படிங்க இங்க வந்தீங்க?"

"நீங்க போன கொஞ்ச நேரத்துல பஸ் ஹாரன் சத்தம் கேட்டுதுங்க. சத்தம் வந்த பக்கமா நடந்தேன், ரோடு வந்துருச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுக்குப் போயிட்டேன்."

"நடந்தீங்களா?" என்றார் மாசிலாமணி, காது கூசியவர் போல.

"ஆமாங்க."

"இருந்த இடத்தை விட்டு?"

சிற்றரசு மாமனாரைப் பார்த்தார். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"விளையாட்டுக் காரியமா இது?" என்றார் ஏகாம்பரம். "உங்க சம்சாரம் எங்ககிட்ட என்ன சொல்லுச்சு? காப்பாத்திக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுச்சு. நாங்க உங்களைக் காப்பாத்தலை. நீங்களா வந்திருக்கறீங்க. காப்பாத்தாத மாப்பிள்ளையைக் கூட்டிட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது? தலைவரே, நீங்க சொல்லுங்க."

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் சொன்ன வார்த்தையை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். காப்பாற்றிக் கூட்டி வரச் சொன்னது உண்மைதான்.

"மாப்பிள்ளை," என்றார், கெஞ்சும் குரலில். "இன்னொருக்காத் தொலைஞ்சு போயிருங்களேன். ரொம்பத் தூரம் வேண்டாம்."

என்னைக் கேட்டால், அந்த இடத்திலேயே குடையை மடக்கி நாலு பேரையும் நாலு போடு போட்டிருக்க வேண்டும். சிற்றரசு அப்படிப்பட்டவர் இல்லை. மழை வருகிறது, இருட்டுகிறது, மாமனார் அழுகிறார், கடைசி பஸ் இன்னும் சற்று நேரத்தில் திரும்பிவிடும். சீக்கிரம் முடிந்தால் சரி என்று, ரோட்டோரத்தில் நின்ற ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நாங்கள் வந்து கையைப் பிடிக்கும்வரை வெளியே தலை காட்டக் கூடாது என்று ஏகாம்பரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு கண்ணைத் திறந்து, மாப்பிள்ளையைக் காணோமே என்று முறையாகப் பதறினார்கள்.

"மொதல்ல குரல் கொடுத்துப் பார்க்கோணும்," என்றார் ஏகாம்பரம். "பதில் வந்தா, நிலவரத்தை விசாரிக்கோணும். அந்தம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

"மாப்பிள்ளைங்க," என்று பணிவாகக் கூப்பிட்டார் நாச்சிமுத்து.

"இங்கதாங்க மாமா இருக்கறேன்," என்றது புளியமரம்.

"அடி கிடி ஏதாச்சும் பட்டிருக்குதுங்களா?"

"இல்லீங்க மாமா."

"தண்ணி இருக்குதுங்களா? பசிக்குதுங்களா?"

"தண்ணி இருக்குதுங்க. இப்பத்தான் முறுக்குத் தின்னுட்டு வந்தேன். சீக்கிரம் வாங்க மாமா."

ஏகாம்பரம் மற்றவர்களைப் பக்கத்தில் கூட்டி வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார். "பாத்தீங்களா? அடியில்லை, பசியில்லை, கையில குடை இருக்குது. அவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆபத்துல இல்லாத ஆளை எப்படிங்க காப்பாத்த முடியும்?"

"நாம?" என்றார் மாசிலாமணி.

எல்லோரும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து பட்டினி. வயிறெல்லாம் சிராய்ப்பு. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள், தொலைந்தும் போயிருந்தார்கள். யாருக்கு நிலைமை ரொம்ப மோசமோ அவர்களைத்தான் முதலில் வெளியேற்ற வேண்டும் என்பது மீட்பு விதி. இந்த முறை முன்மொழியவும் வழிமொழியவும் ஒரு தடையும் வரவில்லை. கௌரவ உறுப்பினரும் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார், அதனால் தீர்மானம் செல்லும் என்று ஏகாம்பரமே சொல்லிவிட்டார்.

கடைசி பஸ் மலையிலிருந்து இறங்கி வந்தது. நாலு பேரும் கையைக் காட்டி நிறுத்தி, தலைவர் முன்னாலும் உறுப்பினர் பின்னாலுமாக ஏறினார்கள். கதவு மூடுமுன் நாச்சிமுத்து மரத்தைப் பார்த்து, "தெம்பா இருங்க மாப்பிள்ளை, அசையாதீங்க," என்று சொன்னார். பஸ் சத்தத்தில் அது சிற்றரசுவுக்குக் கேட்கவில்லை. எப்போது கையைப் பிடிப்பார்கள் என்று அவர் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சந்தேகப்பட்டுத் தலையை நீட்டியபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

கோகிலவாணி வாசலில் காத்திருந்தாள். அப்பா உயிரோடு நடந்து வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தாள். ஏகாம்பரம் வந்தார், மாசிலாமணி வந்தார், குழந்தைசாமி வந்தார். அதோடு தெரு காலியாக இருந்தது.

"அவரு எங்கீங்ப்பா?"

"ஒரு கவலையும் வேண்டாம், அம்மிணி," என்றார் நாச்சிமுத்து, நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே. "மாப்பிள்ளை காட்டுல பத்திரமா இருக்கறாரு. பெரிய ஆபத்துல இருந்தது நாங்க நாலு பேருதான். எப்படியோ, எங்களைக் காப்பாத்திக் கொண்டாந்து சேர்த்துட்டோம்."